பூளைப்பூ களையா?

‘களைகள்: பூளை, ஆவாரை, தும்பை. பொங்கல் முடிந்ததும் பிடுங்கவும்.’

தோட்டத்துக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்ததும் மௌனிகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

சிங்காநல்லூரில் பழைய மில் குடியிருப்புக்கு நடுவே இருக்கிறது அந்த நாட்டுச் செடித் தோட்டம். அதற்கு வயது எண்பதுக்கு மேல். அதை அழித்துப் புல்தரை போடக் குடியிருப்புச் சங்கம் முடிவு செய்திருந்தது.

தோட்டத்தைப் பராமரிப்பவர் மௌனிகாவின் அம்மா அன்புக்கரசி.

“சங்கத்துல முடிவு பண்ணிப்போட்டாங்க கண்ணு. நாம என்ன பண்ண முடியும்?” என்றார் அம்மா.

“நான் உடமாட்டேம்மா!”

மார்கழிக் கடைசி நாள் வந்தது. அன்று கொங்கு நாட்டில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் பொங்கல்.

காலையில் முதல் ஆளாகப் பையோடு வந்தவர் யார் தெரியுமா? சங்கத் தலைவர் ஸ்ரீனிவாஸ்! அவருக்குப் பின்னால் பத்துப் பேர்.

மௌனிகா கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

“ஏனுங்க சார், என்ன வேணுமுங்க?”

“காப்புக் கட்டோணுமல்ல அம்மணி? பூளைப்பூ பறிக்க வந்தேன்.”

“இங்க பூவெல்லாம் இல்லீங்க. வெறும் களைதானுங்க.”

அவள் காகிதத்தைக் காட்டினாள். தலைவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். அவர் முகம் சுருங்கியது.

“இது காண்ட்ராக்டர் எழுதுனது. சித்திரையில வந்து பாத்தாரு. அப்பப் பூ இல்லை.”

“கையெழுத்து உங்களுதுதானுங்களே?”

“படிக்காமப் போட்டுட்டேன். தள்ளிக்க கண்ணு, நேரமாகுது.”

“தள்ள மாட்டேனுங்க! இந்த வருசம் பூளைப்பூ கட்டுவீங்க. அடுத்த வருசம் வாசல்ல புல்லையா கட்டுவீங்க?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“புல்லுக்குத் தினமும் தண்ணி ஊத்தோணுமுங்க. கோடையில நாமளே தண்ணி லாரிக்குக் காத்துக் கெடக்கறோம். இந்தச் செடிகளுக்கு மழையே போதுமுங்க” என்றாள் மௌனிகா.

தலைவர் பேனாவை எடுத்து மொத்தக் காகிதத்திலும் குறுக்கே கோடு போட்டார்.

“புல்தரை வேண்டாம். போதுமா?”

“போதாதுங்க. எல்லாத்தையும் பறிச்சுட்டா விதைக்கு எங்க போறது?”

அவள் தன் நோட்டை நீட்டினாள். அதில் அவளுடைய திட்டம் இருந்தது. ‘தோட்டத்தில் எதையும் வேரோடு பிடுங்கக் கூடாது. காப்புக்கு வீட்டுக்கு ஒரு கொத்து மட்டும். மீதி விதைக்கு.’

தலைவர் வரிசையில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவை நோட்டருகே கொண்டுபோனார்.

“சார்! இந்தத் தடவையாவது படிச்சுப்போட்டுப் போடுங்க.”

அவர் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மௌனிகா கதவைத் திறந்துவிட்டாள்.