லிஸ்பனில் இல்லாத வில்மா

போன் அலறியது!

தூலா வாயில் இருந்த ரொட்டியை மென்றுகொண்டே எடுத்தாள். குவோபியோ நகரப் போலீஸில் துப்பறியும் அதிகாரி. சாப்பிடும் நேரம் பார்த்துத்தான் யாராவது செத்துத் தொலைக்கிறார்கள் என்பது அவளுடைய நெடுநாள் புகார்.

"தூலா... ஏரிக்கரையில ஒரு பொணம்!"

ரிக்கு. போலீஸின் கம்ப்யூட்டர் ஆள்.

மே மாதம். பனி உருகி, குளிர்காலம் முழுக்க விழுங்கியதை ஏரி கக்கும் காலம்.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"முதுகுல மாட்டின பையில பாஸ்போர்ட் இருந்துது. வில்மா வெப்ஸா. இருபத்தாறு வயசு. குளிர்காலத்துலயே செத்திருப்பாங்கறார் டாக்டர்."

"சரி, வரேன்."

"இருங்க! நெட்ல அவ பேரைத் தட்டிப் பார்த்தேன். லிஸ்பன்ல இருந்து பிளாக் எழுதறா..."

"எழுதினான்னு சொல்லு."

"இல்ல... எழுதறா! இன்னிக்குக் காலையிலகூட ஒரு பதிவு போட்டிருக்கா!"

ரொட்டி தூலாவின் தொண்டையில் நின்றது.

* * *

வில்மாவின் வீட்டுக்குக் கார் போய்க்கொண்டிருந்தபோது ரிக்கு மறுபடி கூப்பிட்டான்.

"அவ செத்த பிறகுதான் இந்த பிளாக்கே ஆரம்பிச்சிருக்கு, தூலா. ரெடிமேட் டெம்ப்ளேட். சும்மா கிடைக்கும். அதை அப்படியே காப்பி பண்ணிப் பேரை மாத்திக்கலாம். எழுதினவன் புது ஆளு. 'என்னைப் பற்றி' பக்கத்துல 'இங்கே உங்களைப் பற்றி எழுதவும்'னு மாதிரி வாசகம் அப்படியே இருக்கு!"

"கொன்னவனே எழுதறானா?"

"இருக்கலாம். இந்த மாதிரி தளத்துல ஒவ்வொரு பதிவும் ஒரு தனி ஃபைல். ஃபைலை ஏத்தினா தளம் தானா புதுசாகிடும். யாரு ஏத்தினாங்கன்னு கூடவே பதிவாகும். தோண்டிட்டிருக்கேன்."

"சீக்கிரம் தோண்டு. நான் ஒரு அம்மாகிட்ட பேசப் போறேன்."

* * *

கதவைத் திறந்தவள் ஹெல்வி. வில்மாவின் அம்மா. இதயத்தில் இரண்டு ஆபரேஷன் ஆனவள். அவளுக்குப் பின்னால் கணவர் உர்ஹோ. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"வில்மா விஷயமா வந்திருக்கேன்" என்றாள் தூலா.

"அவளுக்கென்ன? லிஸ்பன்ல ஜாலியா இருக்கா!" ஹெல்வி டேப்லெட்டை நீட்டினாள். "பாருங்க, காலையில எழுதியிருக்கா. 'அம்மா, இங்கே வெயில் கொளுத்துகிறது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை...' கிளம்பற அன்னிக்குக் கன்னாபின்னான்னு திட்டிட்டேன். அதான் போன் பண்ண மாட்டேங்கறா."

தூலா டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். இந்த வேலையை எவன் கண்டுபிடித்தான்?

"உட்காருங்க, ஹெல்வி."

"நின்னே கேக்கறேன்."

"ஏரியில ஒரு உடல் கிடைச்சிருக்கு. வில்மாதான். ரொம்ப வருத்தமா இருக்கு."

ஹெல்வி உட்காரவில்லை. அழவில்லை. டேப்லெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, அதன் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பார்க்கவே கொடுமையாக இருந்தது.

போன் மறுபடி அலறியது!

"மாட்டினான், தூலா!" ரிக்குவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "முதல் ஃபைலை ஏத்தறப்போ, 'நீங்க யாரு?'ன்னு பேரு கேக்கும். என்ன பேரு குடுத்தாலும் வாங்கிக்கும், சரி பார்க்காது. டொனால்ட் டக்னு போட்டாலும் போதும். ஆனா இந்த மனுஷன்..."

"பேரைச் சொல்லு!"

"உர்ஹோ வெப்ஸா! நடு இனிஷியலோட!"

தூலா உர்ஹோவை ஏறிட்டுப் பார்த்தாள்.

வாரா வாரம் ஊரை ஏமாற்றியவர், கம்ப்யூட்டர் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் அரிச்சந்திரனாகிவிட்டார். கேட்டால் உண்மையான பெயரைச் சொல்லித்தான் பழக்கம். எங்கள் ஊர்க்காரர்களைத் திருத்த முடியாது!

"நூலகத்துல வயசானவங்களுக்கு கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தாங்க..." என்றார் உர்ஹோ. "பேரு கேட்டுச்சு... சொன்னேன்."

"வில்மாவை என்ன பண்ணீங்க?"

"ரயிலுக்கு லேட்டாயிடுச்சு. பனி ஸ்கூட்டர்ல உக்கார வெச்சு, உறைஞ்ச ஏரி மேல குறுக்கால போனேன். பனி கெட்டியாகலைன்னு போர்டு வெச்சிருந்தாங்க. பார்த்துட்டுத்தான் போனேன்..." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "உடைஞ்சுது. நான் ஏறிட்டேன். அவ ஏறலை. கத்தினேன்... தேடினேன்... வீட்டுக்கு வந்தா இவ, 'ரயில் பிடிச்சாளா?'ன்னு கேட்டா. பிடிச்சான்னுட்டேன்."

"அப்பவே போலீஸுக்குச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா இவ இதயம் தாங்காதுன்னு..."

"தாங்கும்" என்றாள் ஹெல்வி.

இருவரும் திரும்பினார்கள்.

"நீதான் எழுதறேன்னு எனக்குத் தெரியும், உர்ஹோ."

"ஹெல்வி...!"

"மார்ச் மாசம் மத்தி மீன் சுட்டுத் தின்னதா எழுதினே. நாக்குல கரைஞ்சுதாம். நம்ம பொண்ணுக்கு மீன் வாடை பட்டாலே வாந்தி வரும். இருபத்தாறு வருஷம் அப்பனா இருந்தே, அதுகூடத் தெரியலை உனக்கு!"

"அப்புறம் ஏன் கேக்கலை?" உர்ஹோ தேம்பினார்.

"கோவிச்சுக்கிட்டுப் போனவ ஒரு வார்த்தை எழுத மாட்டேங்கறா, அதை மறைக்க மனுஷன் ராத்திரியெல்லாம் தட்டிட்டிருக்கார்னு நினைச்சேன். உன் மனசு நோகக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் சிரிச்சுச் சிரிச்சு வாசிச்சேன்." அவள் குரல் உடைந்தது. "அவ மேலதான் கோபம். குளிர்காலம் பூரா திட்டினேன். கல்நெஞ்சக்காரின்னு... பெத்தவளை மறந்துட்டான்னு. அவ தண்ணிக்குள்ள கிடந்திருக்கா, உர்ஹோ! நான் திட்டிட்டிருந்தேன்!"

இப்போதுதான் அழுதாள். தூலா அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். துப்பறியும் அதிகாரி அழக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. அவளும் அழுதாள்.

* * *

வாசலில் போலீஸ் கார் நின்றது.

உர்ஹோ கோட்டை மாட்டிக்கொண்டு படியில் தயங்கினார்.

"ஹெல்வி... நான் உள்ளே இருந்தா... நீ எப்படித் தனியா..."

ஹெல்வி கண்ணைத் துடைத்தாள்.

"ஜெயில்லயும் கம்ப்யூட்டர் இருக்குமாம். தினம் ஒரு பதிவு போடு, வாசிக்கறேன். ஆனா இந்தத் தடவை ஏரியில இருந்து ஏறினது அவ, செத்தது நீன்னு நினைச்சு எழுது. உசுரோட லிஸ்பன்ல இருக்கறது அவளா இருக்கட்டும்!"