ஏறாத ஆடு

காலாண்டு விடுமுறைக்கு இலக்கியா திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்தில் உள்ள சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். சித்தி இசைவாணி வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். மிச்ச நேரத்தில் தனியாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்.

அந்த விளையாட்டில், குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் வெள்ளம். வைக்கோல் போர் மேல் ஏறி நிற்கும் ஆட்டை ஒரு சிறுமி காப்பாற்ற வேண்டும். கயிறு, அரிவாள், வாழைமரம் என்று திரையில் தெரிவதையெல்லாம் மவுஸால் தொட்டுப் பார்த்து, எதை எதோடு சேர்க்கலாம் என்று யோசிக்க வேண்டும். ஓடவும் வேண்டாம், சுடவும் வேண்டாம்.

சித்தி பள்ளியில் படித்தபோது இந்த மாதிரி விளையாட்டுகளுக்குத்தான் மவுசு அதிகமாம். ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்களாம். பிறகு வேகமான விளையாட்டுகள் வந்தன. இவற்றை வாங்க ஆள் குறைந்ததும் பெரிய கம்பெனிகள் செய்வதையே விட்டுவிட்டன. இப்போது சித்தி மாதிரி சிலர்தான் ஆசைக்குச் செய்கிறார்கள். சனிக்கிழமை ஒரு கல்லூரிக் கண்காட்சியில் தன் விளையாட்டை வைக்கப்போவதாகச் சித்தி சொன்னார்.

முதல் நாளே இலக்கியா சோற்றை மறந்து விளையாடினாள். பக்கத்து வீட்டு சித்தார்த்தையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவன் கொட்டாவி விட்டான். "யாரையும் சுட முடியாதா? அந்த ஆடாவது நம்மள முட்டுமா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அவன் தன்னையும் கேலி செய்துவிடுவானோ என்று இலக்கியாவுக்குப் பயம் வந்தது. "எனக்கும் போர்தான்டா. எங்க சித்திக்கு வேற வேலையில்ல, எதையாவது பண்ணிகிட்டிருக்காங்க" என்று அவனைவிட உரக்கச் சிரித்தாள்.

சித்தார்த்தின் சிரிப்பு சட்டென்று நின்றது. இலக்கியா திரும்பினாள். வாசல்படியில் சித்தி சுண்டல் தட்டோடு நின்றிருந்தார்.

"ஆறிடப் போவுது, சாப்பிடுங்க" என்று தட்டை வைத்துவிட்டுச் சித்தி போய்விட்டார்.

சாயங்காலம், கண்காட்சிக்குத் தான் வரவில்லை என்று சித்தி யாரிடமோ போனில் சொன்னது இலக்கியாவின் காதில் விழுந்தது. அவள் முகம் சுட்டது. சாப்பிடும்போது, இன்னும் சட்னி வேண்டுமா என்று சித்தி எப்போதும் போலக் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. தட்டைப் பார்த்தபடியே போதும் என்றாள்.

மறுநாள் காலை, சித்தி அடுத்த அறையில் வேலையாக இருந்தபோது, இலக்கியா மறுபடியும் விளையாட உட்கார்ந்தாள். வாழைமரங்களை வெட்டிக் கயிற்றால் கட்டித் தெப்பம் செய்தாள். ஆட்டிடம் போய்ச் சேர்ந்தும்விட்டாள். ஆனால் ஆடு தெப்பத்தில் ஏறவில்லை. இழுத்தாள், தள்ளினாள், தழை காட்டினாள். அசையவில்லை. சித்தியிடம் போய்க் கேட்க அவளுக்கு முகமில்லை.

சித்தார்த் வீட்டுக்குப் போனாள்.

"நேத்து நான் சொன்னது பொய்டா. எனக்கு அந்த கேம் ரொம்பப் பிடிச்சிருக்குது. நீ சிரிச்சேன்னுதான் அப்படிச் சொல்லிட்டேன். இப்ப ஆடு ஏற மாட்டேங்குது, வரியா?"

சித்தார்த் தலையைச் சொறிந்தான். "ஏறாதா? அதையும் பாத்துடுவோம், வா."

இருவரும் மவுஸைப் பிடுங்கிப் பிடுங்கிச் சண்டை போட்டார்கள். ஆட்டை மிரட்ட வேண்டும் என்றான் அவன். கெஞ்ச வேண்டும் என்றாள் இவள். கடைசியில் வைக்கோலுக்குள் ஏதோ அசைவது இலக்கியாவின் கண்ணில் பட்டது.

"குட்டிடா! குட்டிய முதல்ல ஏத்துவோம்."

குட்டி ஏறியது. பின்னாலேயே தாயாடும் தெப்பத்தில் குதித்தது. இருவரும் கத்திக்கொண்டே எழுந்தபோதுதான் பின்னால் நின்ற சித்தியைப் பார்த்தார்கள்.

இலக்கியா சித்தியின் அருகில் போனாள். "சித்தி, எனக்கு இது பிடிச்சிருந்தும் பிடிக்கலன்னு சொல்லிட்டேன். உங்களையும் கேலி பண்ணிட்டேன். தப்பு சித்தி."

"கஷ்டமாத்தான் இருந்துச்சி" என்றார் சித்தி. பிறகு நாற்காலியை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

தெப்பத்தை அடுத்து எங்கே ஓட்ட வேண்டும் என்று சித்தார்த் கேட்டான்.

"அதை நான் சொல்ல மாட்டேன்" என்று சித்தி சிரித்தார்.

கண்காட்சிக்கு வருமாறு இலக்கியா மதியம்வரை கெஞ்சினாள். சித்தி போனை எடுத்து, வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை அந்த ஆட்டைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று மண்டையை உடைத்துக்கொண்டது. இதை யார் செய்தது என்று ஒரு கல்லூரி அண்ணன் கேட்டார். குட்டி இருக்கும் ரகசியத்தைச் சொல்லத் துடித்த சித்தார்த்தின் வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு, இலக்கியா மறு கையால் சித்தியைக் காட்டினாள்.