முதல் ஓட்டம்

தேரடி சிக்னலில் அந்தச் சிவப்பு செடான் வந்து நின்றபோது "க்ர்ர்ர்ரீச்" என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்... டீக்கடையில் நின்றவர்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். வல்லரசுவுக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம வண்டியைத்தானே பார்க்கிறார்கள்!

டொக்... டொக்... யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

இறக்கினான். தூறலில் நனைந்த ஸ்கூட்டி. அதன்மேல் ஒரு பெண். ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள் மட்டும்தான் தெரிந்தன... அடேங்கப்பா, அவை என்ன கண்கள்! இமை நுனியில் ஒரு மழைத்துளி. விழுவேனா என்று அடம்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

"இன்னா சார்... காது கேக்குமா உனக்கு?"

"இன்னாமா?"

"பிரேக் பேடு செத்துப்போய் எத்தினி நாளாச்சோ தெரீல. இரும்பும் இரும்பும் ஒரசிகினு அழுவுது. நீ இன்னாடான்னா பின்னாடி இம்மாம் பெரிய ரெக்கைய மாட்டிகினு போற. பறக்கப் போறியா?"

டீக்கடையே சிரித்தது.

"யம்மா... உன் வேலைய பாத்துகினு போ!"

"இதான்பா என் வேலை" என்றாள். பச்சை விழுந்தது. அந்தத் துளியும் விழுந்தது. அவள் போய்விட்டாள். ஸ்கூட்டியின் பின்பெட்டியில் வெள்ளை பெயின்டில் எழுதியிருந்ததை அவன் படித்தான். 'கார்குழலி மோட்டார்ஸ், திருவொற்றியூர்.'

திமிர் பிடித்தவள்... என்று திட்டினான். ஆனால் அந்தக் கண்ணை எப்படித் திட்டுவது?

வல்லரசு புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவன். துறைமுகத்தில் கண்டெய்னர் கிரேன் ஓட்டுகிறான். நான்கு கை மாறி ஐந்தாவதாக அவனிடம் வந்த ஸ்போர்ட்ஸ் செடான் அது. தை மாதம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கை ஒருநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்களாம். அதில் ஒரே ஒரு தடவை இந்த வண்டியை விரட்டிப் பார்த்துவிட வேண்டும்... அவ்வளவுதான் அவன் கனவு. கையில் இருந்தது போனஸ் பணம் நாற்பதாயிரம். வண்டியில் மாற்ற நினைத்ததோ ஒரு முழுப் பக்கப் பட்டியல்.

மூன்றாம் நாள் அந்தப் பட்டியலோடு அவள் ஷெட்டு வாசலில் நின்றான். சும்மா விலை கேட்கத்தான் வந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். யாரை ஏமாற்றுகிறான்!

ஷெட்டில் பாதி அவள் அப்பா சின்னப்பையனுடையது. காசிமேட்டுப் படகு இஞ்சின்கள் அங்கே பிரிந்து கிடந்தன. மீதிப் பாதி கார்குழலியுடையது. ஹெல்மெட் இல்லாமல் இன்றுதான் முழு முகம் பார்த்தான். கன்னத்தில் கிரீஸ்... மூக்குநுனியில் வியர்வை... ஐயோ, இது நியாயமா?

"பறக்க வந்தியா?" என்றாள்.

பட்டியலை நீட்டினான். அவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

"சைலன்சர்... இது சத்தம், வேகம் இல்ல. வெட்டு. ரெக்கை ஏற்கனவே கீது, அதுவே அதிகம். வண்டிய கீழ எறக்குற ஸ்பிரிங்கா? கண்டெய்னர் லாரி போட்டு வெச்சிகீற பள்ளத்துல உன் வண்டியோட அடிவயிறே கழண்டுடும். வெட்டு. இஞ்சினுக்குக் காத்து இழுக்குற பைப்பு... மழைக்காலத்துல எவனாவது மாட்டுவானா? வெட்டு."

"எல்லாத்தையும் வெட்டிட்டா என் வண்டி எப்படிமா ஓடும்?"

"நிக்கவே தெரியாத வண்டி எதுக்கு ஓடணும்? இங்க வா."

டயருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்க எண்ணைக் காட்டினாள். "இது டயரு பொறந்த தேதி. எட்டு வயசாச்சு. ரப்பர் கல்லாட்டம் கீது. முதல்ல நாலு நல்ல டயரு. அப்பால பிரேக் பேடு, பிரேக் ஆயில். சக்கரத்தாண்ட ஆடிப்போன ரப்பர் புஷ்ஷு. வீல் அலைன்மென்ட்டு. உன் பணத்துக்கு இவ்ளோதான். இந்த வண்டியோட இஞ்சின் ஏற்கனவே ராஜா. நாம செருப்புதான் மாத்தணும்."

அவளுடைய விரல் அந்த டயரின் மேல் நடந்தது. எவ்வளவு தெளிவாகப் பேசுகிறாள்! ஒரு வார்த்தைகூட விற்பதற்காகச் சொல்லவில்லையே... வல்லரசு பட்டியலை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மொறைக்கிற?"

"ஒண்ணுமில்ல மேஸ்திரி... நீ சொல்றதே செய்யி."

வேலை நடந்த அந்த வாரம் முழுக்க, ஷிஃப்டு முடிந்ததும் அவன் ஷெட்டுக்கு வந்துவிடுவான். ஒருநாள் சின்னப்பையன் படகு இஞ்சின் ஒன்றைச் சங்கிலியில் தூக்கும்போது அது ஊஞ்சலாடத் தொடங்கியது. சுவரில் மோதியிருந்தால் அவ்வளவுதான். "வுடு நைனா" என்று வல்லரசு சங்கிலியை வாங்கினான். ஆடும் பக்கமாகவே ஒரு சின்ன இழுப்பு... ஒரு சின்னத் தளர்வு... இஞ்சின் அப்படியே அடங்கியது. பூப்போல மேடையில் இறங்கியது. சத்தமே இல்லை.

கார்குழலியின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. சத்தம் பிடித்த ஆள் என்றல்லவா நினைத்தாள்... இந்தக் கைக்கு இவ்வளவு நிதானமா? நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அதே மாதிரி மெதுவாக வந்து இறங்கியது. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"நல்லா எறக்குன" என்றாள். அதற்குமேல் சொல்ல வெட்கம்.

அன்றைக்குத்தான் அந்த வழக்கத்தைச் சொன்னாள்.

"எங்க குப்பத்துல இஞ்சினைப் பிரிச்சுக் கட்டினா, கட்டின ஆளு முதல் ஓட்டத்துல படகுல ஏறணும். நடுக்கடல்ல நின்னுபோனா அவனும் கூடவே மாட்டணும். அதான் எங்க கேரண்டி. என் ஷெட்டுல காருக்கும் அதே ரூலு."

"அப்போ எல்லாக் காருலயும் போய்ட்டு வந்துகீற?"

அவள் சிரிப்பு சுருங்கியது. "எவனும் ஏத்தல. 'பரவால்லமா, நாங்க பாத்துக்கறோம்'னு சொல்ட்டு, அடுத்த தெருவுல வேற மெக்கானிக்கைக் கூப்ட்டு நா செஞ்ச வேலையத் தொறந்து காட்டுவானுங்க. எத்தினி பேரு தெரியுமா..."

வல்லரசு எழுந்து நின்றான். "நா ஏத்திகினு போறேன். ஞாயித்துக்கெழமை காலைல. நீ கைவெச்ச வண்டிய வேற எவன் கைலயும் குடுக்கமாட்டேன். இது சத்தியம்."

அவள் கண்கள் நனைந்தன. இந்தத் தடவை மழை இல்லை.

அப்படிச் சத்தியம் செய்தவன் என்ன செய்தான் தெரியுமா? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வண்டி கைக்கு வந்தது, ஊருக்கு வெளியே விரட்டிப் பார்க்கும் முதல் ஓட்டம் மட்டும் ஞாயிற்றுக்கு இருந்தது. துறைமுகத்தில் நண்பர்கள் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னா மாமு, போனஸ் பூரா செலவு பண்ணிட்டு ஒரு உறுமல்கூட இல்லயே!" ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனான். அவள் பட்டியலில் வெட்டிய அதே காற்றுப் பைப்பைப் பளபளவென்று ஒன்று வாங்கி, அங்கேயே ஒருவனிடம் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். புத்தி எங்கே போயிற்றோ!

ஞாயிறு காலை. விடிய விடிய மழை பெய்து விட்டிருந்தது. கார்குழலி கிரீஸ் படாத மஞ்சள் சுடிதாரில், தலையில் கனகாம்பரத்தோடு காத்திருந்தாள். வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. அவள் முகம் மாறியது. நேராகப் போய்ப் பானட்டைத் திறந்தாள்.

"இது இன்னா?"

"சும்மா... சத்தத்துக்கு..."

"எவன் மாட்டினான்?"

அவன் பார்வையைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இந்தப் பைப்போட வாய் கீழ பாத்துகினு கீது. ரோட்டுத் தண்ணிய அப்படியே இஞ்சினுக்குள்ள இழுத்துக்கும். நா கைவெக்காத சாமான் இதுல கீது. நா ஏறமாட்டேன்."

"ஒரு பைப்புக்கு இம்மாம் பேச்சா?"

"பைப்புக்கு இல்லபா. நீ பண்ண சத்தியத்துக்கு."

தப்பு தன்மேல் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததால்தான் கோபம் வந்தது. "ஏறாட்டி போ! உன்ன நம்பித்தான் என் வண்டி ஓடுதா?"

சொல்லிவிட்டான். சொன்ன அடுத்த விநாடியே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொன்னாள். "வடக்க பூரா தண்ணி. வண்டி தண்ணில நின்னா சாவியத் தொடாத. ஒரு தடவ செல்ப் அடிச்சாலும் இஞ்சின் செத்துடும்."

கிளம்பிவிட்டான். எண்ணூர் சாலையில் வண்டி என்னமாய் உறுமியது! ஆனால் பக்கத்து சீட் காலியாக இருந்தது. மணலி பக்கம் திரும்பியபோது ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தான். ஈர ரோட்டில் வண்டி கொஞ்சம்கூட இழுக்காமல் நேராக... நின்றது. லாரிக்கும் அவனுக்கும் நடுவே ஒரு முழம்தான்.

அவன் உயிரை நிறுத்தியது அவள் மாட்டிய பிரேக், அவள் தேர்ந்தெடுத்த டயர். கண் கலங்கியது. ஐயோ, அவளைப் போய் என்ன சொல்லிவிட்டேன்... உடனே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். சடையங்குப்பம் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பினான்.

அங்கே முழங்கால் தண்ணீர். அவசரத்தில் இறக்கிவிட்டான். பாதி தூரத்தில் "களுக்"... இஞ்சின் நின்றது.

நாலு பேர் கூடிவிட்டார்கள். "செல்ப் அடி நைனா! புடிச்சிக்கும்!" "இன்னொரு தபா அடிபா!" வல்லரசு சாவியை உருவினான். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான். தண்ணீரில் இறங்கி நின்று அவளுக்குப் போன் செய்தான்.

வருவாளா...?

வந்தாள். மீன் ஏற்றும் குட்டியானை வண்டியை அப்பா ஓட்ட, பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அதே மஞ்சள் சுடிதார். திரும்பப் பிடித்துக்கொண்ட மழையில் கனகாம்பரம் நைந்திருந்தது.

"எத்தினி தடவ செல்ப் அடிச்ச?"

"ஒரு தடவகூட இல்ல."

"பொய் சொல்லாத. எல்லா ஆம்பளையும் அடிப்பான்."

அவன் கையை விரித்தான். இறுக்கிப் பிடித்திருந்ததில் சாவியின் பல் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. "நீ சொன்னியே..." என்றான். "ஊரே அடிக்கச் சொல்லிச்சு. நீதான தொடாதன்ன. உன் பேச்சுதான் எனக்குப் பெருசு. காலைல நா பேசினது தப்பு கார்குழலி. மன்னிச்சிடு."

அவள் அந்தத் தடத்தையே பார்த்தாள். இத்தனை பேர் நடுவில் இவன் ஒருவன் என் வார்த்தையைக் கைக்குள் வைத்துக் காத்திருக்கிறான்... கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"கயித்தைக் கட்டு" என்றாள். குரல் மட்டும் உடைந்துவிட்டது.

ஷெட்டில் அந்தப் பைப்பை அவனே கழற்றி மூலையில் போட்டான். அவள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீருக்கு வழி விட்ட பிறகுதான் சாவியைத் திருப்பினாள். இஞ்சினுக்குள் போன தண்ணீர் பீறிட்டு வெளியே வந்தது. புது ஆயில் ஊற்றினாள். டிக்கியில் கிடந்த பழைய காற்று ஃபில்டர் பெட்டியை மாட்டினாள். மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த நேரத்தில் வண்டி பிடித்துக்கொண்டது. உறுமல் இல்லை. சுத்தமான, அமைதியான ஓட்டம். அவன் இதுவரை கேட்டதிலேயே அழகான சத்தம் அதுதான்.

கூப்பிடாமலேயே அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"தம்பி" என்றார் சின்னப்பையன், கையைத் துடைத்துக்கொண்டே. "போறப்ப கீற சிரிப்பு என் பொண்ணுக்குத் திரும்பி வர்றப்பவும் இருக்கணும். சொல்ட்டேன்."

எண்ணூர் வரை போனார்கள். கடற்காற்று அவள் முடியைக் கலைத்தது. வளைவுகளில் வண்டி ரோட்டைப் பற்றிக்கொண்டு திரும்பியது. அவன் வண்டியைப் பார்க்கிறானா, அவளைப் பார்க்கிறானா... "ரோட்டைப் பாருபா!" என்று இரண்டு தடவை திட்டு வாங்கினான்.

திரும்பி வந்து ஷெட்டு வாசலில் நிறுத்தினான்.

"முதல் ஓட்டம் முடிஞ்சிது மேஸ்திரி. கேரண்டி குட்துட்ட..." அவன் ஸ்டியரிங்கைத் தடவினான். "எறங்கணும்னா... எறங்கலாம்."

அவள் இறங்கவில்லை. சீட் பெல்ட்டைக்கூடத் தொடவில்லை.

"மெக்கானிக் அப்பவே எறங்கிப் போய்ட்டாபா."

"அப்போ இங்க ஒக்காந்துகினு கீறது யாரு?"

"கார்குழலி" என்றாள். முகமெல்லாம் சிவக்க, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவளுக்கு உன்ன ரொம்பப் புடிச்சிருக்கு. அதான் எறங்கல."

"எனக்கு... எனக்கு அந்தத் தேரடி சிக்னல்லயே..." என்றான் வல்லரசு. கியரைப் போட்டான். நாற்பதடி கண்டெய்னரைச் சத்தமில்லாமல் இறக்குகிற ஆள், கிளட்சைப் படக்கென்று விட்டுத் தொலைத்தான். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுபோனது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் கை சாவிக்குப் பக்கத்தில் போய்த் தயங்கி நின்றது.

"இப்போ... சாவியத் தொடலாமா மேஸ்திரி?"

அவள் தன் கையை அவன் கைமேல் வைத்தாள்.

"தொடு."