பூவரசங்கட்டை

அன்று சாயங்காலம் ஜெசிந்தா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது கணவன் பூபாலன் தூங்கிக்கொண்டிருந்தான். வேறொரு வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். பூபாலன் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டியவன் அவன். சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு விடியற்காலையில் திருக்கழுக்குன்றம் தாண்டிக் கண் அசந்ததில் வேன் புளியமரத்தில் மோதி நின்றது. வண்டியில் வேறு ஆள் இல்லை. அவனுக்கு மட்டும் இடது தோள் எலும்பு உடைந்து, கோணலாகச் சேர்ந்தது. அன்றோடு தூக்கம் அவனை விட்டுப் போனது. கண்ணை மூடினால் மரம் எதிரில் வருகிறது என்பான். மாத்திரை போட்டுப் படுத்தாலும் கட்டிலில் புரண்டுகொண்டே கிடப்பான். அவன் புரளப் புரள ஜெசிந்தாவும் விழித்துக் கிடப்பாள். விடிந்தால் அவளுக்கு மறைமலைநகர். அங்கே ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று, வருகிற உதிரிபாகங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து விரிசல் தேடும் வேலை. உட்கார வழியில்லை. ஷிப்ட் முடியும் நேரத்தில் முழங்காலுக்குக் கீழே இருப்பது காலா, தொங்கவிட்ட மணல் மூட்டையா என்றே தெரியாது.

அப்படிப்பட்டவன் கொல்லையில், வெறும் மண்ணில் உட்கார்ந்தபடி, வேரோடு நின்ற பூவரசங்கட்டையின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. ஜெசிந்தா பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுப்ப மனம் வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

கருங்குழியில் அந்த வீட்டை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முன்னே இருந்தவர்கள் கொல்லையில் நின்ற பூவரச மரத்தை வெட்டிவிட்டு, அடிக்கட்டையை மட்டும் முழங்கால் உயரத்துக்கு அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். கழிவறைத் தண்ணீர் எதிர்த்து வர ஆரம்பித்ததால் புதிதாக செப்டிக் டேங்க் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு அந்த இடம்தான் உண்டு. சந்து குறுகல், ஜேசிபி நுழையாது. "சும்மாதான குந்திகினு கீறேன், நானே நோண்டிடறேன்" என்று பூபாலன் இறங்கியிருந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் உள்ளே வந்தான். கன்னத்தில் மரத்தின் வளையங்கள் பதிந்திருந்தன.

"எப்போ தூங்குன மாமா?"

"தெர்ல ஜெசி. செத்த நேரம் சாஞ்சேன். அப்டியே இட்டுகினு பூடுச்சி." சிரித்தான். அவன் சிரித்தும் நாளாகியிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் அவள் கட்டையைப் போய்ப் பார்த்தாள். பூவரசை வெட்டினால் சும்மா இருக்காது. மழை கண்டதும் பக்கத்துக்குப் பக்கம் துளிர் விடும். இது ஒரு இலைகூட விடவில்லை. செத்த மரமென்றால் கரையான் அரித்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. வெட்டுவாய் இன்றைக்குத்தான் ரம்பம் போட்டதுபோல ஈரமாக இருந்தது. தொட்டாள். வெயில் இன்னும் கொல்லைக்கு வரவில்லை. ஆனாலும் கட்டை வெதுவெதுப்பாக இருந்தது. பஸ் ஹாரன் கேட்டது, ஓடினாள்.

அடுத்தடுத்த நாட்களில் குழி ஆழமானது. கட்டையைச் சுற்றி இடுப்பளவு வெட்டியிருந்தான். அவள் திரும்பி வரும்போதெல்லாம் அவன் அந்தக் குழிக்குள் வேர்களுக்கு நடுவே உடம்பைச் செருகிக்கொண்டு தூங்கிக்கிடந்தான். முதலில் தலை மட்டும் கட்டையில் இருந்தது. அப்புறம் முதுகு. அப்புறம் ஒரு பக்க உடம்பு முழுக்கக் கட்டைக்கு அடியில் போயிருந்தது. எழுப்பினால் விழித்துக்கொள்ள நேரம் பிடித்தது. விழித்ததும் ஏன் எழுப்பினாய் என்பதுபோல் பார்த்தான்.

"உள்ள சில்லுனு கீது ஜெசி. ஒடம்புல வலியே தெரியல. நீயும் ஒரு தபா வந்து படுத்துப் பாரேன்."

"பாம்பு பூச்சி கெடக்கும். மேல ஏறு நீ மொதல்ல."

அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னா ஜெசி, இன்னிக்கி லீவா ஒனக்கு?"

"இல்லியேக்கா. இப்பதான வந்துகினு கீறேன்."

"அப்படியா?" சந்திரம்மா கையிலிருந்த துணியை உதறாமல் நின்றாள். "மத்தியானம் துணி காயப் போடசொல்ல உங்க கொல்லைல ரெண்டு பேரு தூங்குற சத்தம் கேட்டுச்சே. ஒண்ணு உன் வூட்டுக்காரரு கொறட்ட, அது எனக்குத் தெரியும். இன்னொண்ணு மெதுவா, இழுத்து இழுத்து. நீதான்னு நெனச்சேன்."

இரவுச் சாப்பாடு முடிந்தது. பூபாலன் கட்டிலில் படுத்ததும் பழையபடி புரள ஆரம்பித்தான். ஜெசிந்தா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், தரைக்கும் அடியில், வேறொரு சத்தம் இருக்கிறதா என்று காது தானாகத் தேடியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தம்பி தாவீதை வரச் சொன்னாள். மதுராந்தகத்தில் டிராக்டர் ஒர்க்ஷாப் வைத்திருப்பவன். சவுக்குக் கழிகளை முக்காலிபோலக் கட்டி நிறுத்தி, செயின் கப்பியை மாட்டி, சங்கிலியைக் கட்டையில் சுற்றினான். நல்ல வெயில். சந்திரம்மா வீட்டு டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. பகலில், ஆட்கள் நடுவில், அது வெறும் மரக்கட்டையாகத்தான் தெரிந்தது. ஜெசிந்தாவுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது.

சங்கிலி இறுகியது. கழிகள் முனகின. வேர் அறுபடும் சத்தம் எதிர்பார்த்தாள், வரவில்லை. சேற்றிலிருந்து காலை உருவுகிற சத்தத்தோடு கட்டை ஒரேயடியாக மேலே வந்தது. கூடவே ஒரு வாசனை. மண் வாசனை இல்லை, மக்கிய மர வாசனையும் இல்லை. எண்ணெய்த் தலை பட்டுப்பட்டுப் பழகிய தலையணையின் வாசனை.

மூவரும் குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

கட்டை இருந்த இடத்துக்கு அடியில் மண் குடைந்திருந்தது. மயிர் போன்ற வேர்கள் பாய் முடைந்தாற்போல் நெருக்கமாகப் பின்னி, அந்தக் குடைவுக்குள் வழவழவென்று படிந்திருந்தன. ஒருக்களித்துப் படுத்த ஆளின் அளவு. தலைக்கு ஒரு பள்ளம். மடக்கிய முழங்காலுக்கு ஒரு பள்ளம். இடது தோள் வரும் இடத்தில், கோணலாக ஒரு மேடு.

"மாமா, நீ நோண்டுனதா இது?" தாவீதின் குரல் இறங்கியிருந்தது.

"கட்ட மேல இருக்கசொல்ல அடியில எப்பிட்றா நோண்டுவேன்?"

சொன்ன பூபாலனின் முகத்தை ஜெசிந்தா பார்த்தாள். அதில் பயம் இல்லை. அலைந்து திரிந்து வந்தவன் விரித்துப் போட்ட பாயைப் பார்க்கிற முகம். அதுதான் அவளை உலுக்கியது.

"மூடு" என்றாள். "டேங்க்கும் வாணாம், ஒண்ணியும் வாணாம். மண்ணத் தள்றா தாவீது."

வெட்டிப்போட்ட மண் முழுவதையும் தள்ளியும் குழி நிரம்பவில்லை. சந்தில் கிடந்த செங்கல் துண்டுகளையும் கொட்டி மிதித்தார்கள். கட்டையைச் சுவரோரமாக உருட்டிவிட்டார்கள். அதற்கே தாவீதுக்கு மூச்சு வாங்கியது. சாப்பிடக்கூட நிற்காமல் பைக்கை எடுத்தான்.

அதற்குப் பிறகு பூபாலன் சுத்தமாகத் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்து, தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எந்நேரமும் பின்வாசலில் நின்றான். கதவைப் பூட்டிச் சாவியை அவள் வைத்துக்கொண்டபோது குழந்தைபோல் அழுதான்.

"செத்த நேரம் படுத்து எந்திரிச்சா இன்னா ஆயிடும் ஜெசி? அசதியா கீதுடி. ரொம்ப அசதியா கீது."

அவனைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அசதி அவளுக்குத் தெரியாததா? பஸ்ஸில் நின்றபடி தூங்குகிறவள் அவள். லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. கொஞ்ச நாளைக்கு அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாகத் தாவீது ஒத்துக்கொண்டான். மறுநாள் மதியம் வருகிறேன் என்றான்.

மறுநாள் நல்ல மழை. ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. செங்கல்பட்டு தாண்டும்போது தாவீது கூப்பிட்டான்.

"அக்கா, மத்தியானம் ஒங்க வூட்டுக்குப் போனேன். கொல்லக் கதவு தொறந்து கெடந்துச்சு, மாமா இல்ல. டீக்கடைக்குப் போயிருப்பாருன்னு பாத்துட்டு வந்துட்டேன். போன் போட்டா எடுக்க மாட்டேன்றாரு. வந்துட்டாரா?"

"நான் இன்னும் பஸ்லதான் கீறேன்டா."

"சரி. அந்தக் கட்டைய யாருக்கா திரும்ப உள்ள எறக்குனது? ஆளு வெச்சீங்களா?"

"நீ உடனே வா" என்று மட்டும் சொன்னாள்.

சந்துக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சந்திரம்மா வீடு பூட்டியிருந்தது. தன் வீட்டு வாசல் கதவு திறந்திருந்தது. பின்கதவின் பூட்டு உடைந்து தரையில் கிடந்தது. பக்கத்தில் கடப்பாரை.

"மாமா?"

மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சுவரோரம் கட்டை இல்லை. அது பழைய இடத்தில் நின்றது. முழங்கால் உயரத்தில், நேராக, ஒருபோதும் பிடுங்கப்படாததுபோல. சுற்றிலும் மண் சமமாக இருந்தது. கால்தடம் இல்லை. இழுத்த தடம் இல்லை. ஒரு ஆளால் அதை அசைக்க முடியாது. அவளுக்குத் தெரியும்.

கிட்டே போனாள். குனிந்தாள். கட்டையில் காதை வைத்தாள்.

மூச்சு.

மெதுவாக, இழுத்து இழுத்து.

மண்டியிட்டுக் கையால் தோண்டினாள். ஈர மண் தானாக விலகியது. நகத்தில் வேர் சிக்கியது. பிய்த்தாள். மறுபடி வேர். பிய்த்தாள். மண்ணுக்குள் ஏதோ வெதுவெதுப்பாகத் தட்டுப்பட்டது. மயிர். காது. கன்னம். பூபாலனின் முகம். கண் மூடியிருந்தது. உதட்டோரம் லேசான சிரிப்பு. நூல் நூலாக வெள்ளை வேர்கள் மூக்குக்குள் போயிருந்தன. அவன் மூச்சு விட விட அவை உள்ளே போய் வெளியே வந்தன.

"மாமா. எழுந்திரு. மாமா!"

தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தோள் எங்கே முடிகிறது, வேர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை.

அவன் உதடு அசைந்தது. குரல் வாயிலிருந்து வரவில்லை. மண்ணுக்குள்ளிருந்து, அவள் முழங்காலுக்கு அடியிலிருந்து வந்தது.

"உடு ஜெசி. இன்னும் செத்த நேரம்."

தாவீது வந்துகொண்டிருப்பான். வந்துவிடுவான். அதுவரைக்கும் இழுக்க வேண்டும். எழுந்து நின்று, கடப்பாரையை எடுத்து, நெம்பி...

எழப் பார்த்தாள். கால் வரவில்லை. வலிக்கவும் இல்லை. காலையிலிருந்து நின்ற கால். வருஷக்கணக்காக நின்ற கால். அதில் இப்போது ஒரு சொட்டு வலி இல்லை. முழங்கால்கள் இரண்டும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. அவை எப்போது இறங்கின என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே சில்லென்று இருந்தது. கொட்டாவி வந்தது.

கத்த வாயைத் திறந்தாள். மறுபடியும் கொட்டாவிதான் வந்தது.

பூபாலனின் இமைகள் துடித்தன. மெல்லத் திறந்தன.

உள்ளே கண் இல்லை. குழி நிறைய, நெருக்கமாக, ஈரமாக, வெள்ளை வேர்முனைகள். அவள் மூச்சு பட்டதும் அவையெல்லாம் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின.