குழித்த கை

தம்பியின் முதுகிலிருந்து அக்கா கையை எடுத்த பிறகும் ஒரு தட்டல் கேட்டது.

மாடிவீட்டில் ஏதாவது விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். மழை மாலை, அடைத்த ஜன்னல், தைலமும் காயாத துணியும் கலந்து மூக்கை அடைக்கும் வாசனை. தலையணைமேல் குப்புறக் கிடந்தவனின் மூச்சு, ஈர விறகு எரிவதுபோல் நொறுநொறுவென்று வந்துபோய்க் கொண்டிருந்தது. நிமோனியா. "நுரையீரல்ல காத்து தங்குற சின்னச் சின்ன அறையெல்லாம் சளியும் நீரும் கட்டியிருக்கு," என்று சொல்லித்தான் நர்ஸ் வீட்டுக்கு அனுப்பினாள். "மருந்தோட, உள்ளங்கையக் குழிச்சு முதுகுல தட்டுங்க. இளகி வெளிய வரணும். இல்லேன்னா மூச்சு முட்டிடும்."

அம்மா, அப்பா போன பிறகு அவளுக்கென்று இருப்பது இந்த வாயாடி ஒருத்தன்தான். இவனையும் வாரிக் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

மறுபடி தட்டினாள். இடப்பக்கம் காலி டப்பாபோல் ஒலித்தது. வலப்பக்கம் அடியில் மட்டும், சுவரைத் தட்டியதுபோல் மொத்தென்றிருந்தது. கை ஓய்ந்துபோய் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு நேரம் துணி துவைக்கிற மாதிரி அடிச்ச," என்றான் தம்பி, தலையணைக்குள்ளிருந்து. "இப்பதான் பதமாத் தட்டுற. அப்படியே தட்டுக்கா."

அவள் மடியைப் பார்த்தாள். இரண்டு கையும் அங்கேதான் இருந்தன.

மெல்லக் குனிந்து அவன் முதுகில் காதை வைத்தாள். நொறுநொறுப்புக்கு அப்பால், ஆழத்தில், மொத்து. மொத்து. குழித்த கையின் சத்தம். இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

உள்ளிருந்து இரண்டு.

சத்தம் நகர்ந்தது. விலாவுக்கு. தோள்களுக்கு நடுவே. பிடரிக்கு.

தம்பி எழுந்து உட்கார்ந்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு முகத்தில் சிரிப்பு. "இளகிடுச்சுக்கா. வருது. கிண்ணத்த எடு."

வரணும். வராவிட்டால் இவன் பிழைக்கமாட்டான்.

வந்தால்?

அவன் தொண்டை புடைத்தது. வாய் திறக்கப் போனது. அக்கா கையைக் குழித்து அவன் வாயைப் பொத்தினாள். கிண்ணம் உருண்டது. அவன் கண் பிதுங்க அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. நொறுநொறுப்பு நின்றது. அவன் பிடி தளர்ந்தது.

பொத்திய உள்ளங்கையில், அவன் வாய்க்குள்ளிருந்து, யாரோ பதமாகத் தட்டினார்கள்.