திரும்பி வந்த கிண்ணம்

நடுச்சுவரின் மேல் செல்வகுமாரி வைத்த கிண்ணம் இடம் மாறியிருந்தது. தன் பக்கமாகத்தான் வைத்தாள். இப்போது அது பக்கத்து வீட்டு ஓரத்தில் தொத்திக்கொண்டு நின்றது. காக்கை தள்ளியிருக்கும் என்று நினைத்துக் கொடியில் காய்ந்த துணிகளை உருவத் தொடங்கினாள். உள்ளே மகள் அர்ச்சனா இரண்டாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கத்திப் படித்துக்கொண்டிருந்தாள்.

செல்வகுமாரிக்கு இருந்த ஆத்திரத்தில் காக்கையை யார் கவனித்தார்கள்! பக்கத்து வீட்டு வேலம்மாள் அக்கா செத்த ஈரம்கூடக் காயவில்லை, மகன் ராஜ்மோகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிவிட்டான். போய்த் தொலையட்டும். பெற்றவளுக்கு வாய்க்கரிசி போடவிடாமல் தூக்கினானே, பாவி! தெருப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையில் நிற்க, "ஆம்புலன்ஸ்காரன் கத்துறான், அதெல்லாம் வாணாம், எடுங்கபா" என்றான். முதலில் நின்றவள் செல்வகுமாரி. கிண்ணத்துப் பச்சரிசி அவள் கையிலேயே தங்கிவிட்டது.

அந்தக் கிண்ணமே அக்காவுடையதுதான். கருவாட்டுக் குழம்பு வைத்தால் கிண்ணத்தால் சுவரில் இரண்டு தட்டு தட்டி நீட்டுவாள். இவள் பதிலுக்கு எதைக் கொடுத்தாலும் பாதியை எடுத்துக்கொண்டு, "மீதி கொயந்தைக்கு" என்று திருப்பித் தந்துவிடுவாள். அர்ச்சனாவுக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவளும் அவள்தான். அப்படிப்பட்டவளை வெறும் வாயோடு அனுப்பினார்களே!

சாவு வீட்டு அரிசியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தோட்டத்தில் மழையில் கிடந்த கிண்ணத்தை இன்று பொழுது சாயும்போது எடுத்துச் சுவர்மேல் வைத்து உரக்கச் சொன்னாள்: "யக்கா, உம்புள்ள குடுக்கல, நான் குடுக்கறேன். வந்து வாங்கிக்க."

கரண்ட் போனது. வயலில் காய்ந்த கரும்புச் சோகை எரிந்த வாடையும், மழையில் நனைந்து புளித்த அரிசி வாடையும், அவற்றோடு அக்கா தலைக்குத் தேய்க்கும் விளக்கெண்ணெய் வாடையும் சுவரைத் தாண்டி வர, தூரத்துத் தவளைகள் ஒவ்வொன்றாக அடங்கி, பூட்டிக் கிடந்த அந்த வீட்டுப் பக்கம் யாரோ காலை இழுத்து இழுத்து நடப்பது மட்டும் கேட்டது.

ராஜ்மோகன் வந்துவிட்டானா? வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம். சேலையை இழுத்துச் செருகினாள்.

"யாருடா அங்க?"



டொக். டொக்.

கிண்ணத்தால் சுவரில் தட்டும் சத்தம்.

 செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள். கிண்ணம் மறுபடி செல்வகுமாரியின் பக்கமாக ஓரத்தில் இருந்தது. காலி. ஒரு மணி அரிசிகூட இல்லை.

வாங்கிக்கொண்டாள். அக்கா வாங்கிக்கொண்டாள். ஒரு கணம் மனசுகூடக் குளிர்ந்தது.

அக்கா முழுசாக எதையும் வாங்கிக்கொண்டதே இல்லையே.

மீதி?

அப்போதுதான் உறைத்தது. வாய்ப்பாட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அர்ச்சனா!"

ஓடினாள். வாசற்படியில் விளக்கெண்ணெய் வாடை. கூடத்தில் இன்னும் அதிகம்.

குழந்தை தரையில் நீட்டிப் படுத்திருந்தாள். தெற்கே தலை. கால் கட்டைவிரல் இரண்டும் கட்டிவைத்ததுபோல் ஒட்டியிருந்தன. கண் திறந்திருந்தது. வாய் நிறைய அரிசி.

"யக்கா, அடிப்பாவி! எம்பொண்ணு உயிரோட இருக்காடி! போதும், வுட்டுடு!"

அர்ச்சனாவின் கண்கள் அவளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரித்தன.

ஈர அரிசி, கை எதுவும் தெரியாமல், மணி மணியாக அந்த வாயில் விழுந்துகொண்டே இருந்தது.