டிஸ்க் இங்கே, கைதட்டல் அங்கே

கைப்பையிலிருந்து துண்டில் சுற்றிய பொருளை எடுத்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல மேசைமேல் வைத்தாள் வந்தவள்.

"எங்கப்பாவோட ஹார்டு டிஸ்க். அவர் போனப்பவே இதுவும் போயிடுச்சுன்னாங்க. இதைக் கழட்டின பிறகு அவர் கம்ப்யூட்டர் வெறும் கூடுதான். ஆனா மத்தியானமானா, பூட்டின அவர் அறைக்குள்ள கைதட்டல் கேக்குது."

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருவது அவள் தொழில். தெருவே அவளை அண்ணி என்றுதான் அழைத்தது. காரணம், அவளுடைய கொழுந்தன் நாளெல்லாம் அப்படிக் கூவிக்கொண்டிருப்பதுதான். திரைச்சீலைக் கடையை மூடிவிட்டு அவளுக்கு உதவிக்கு வந்தவன் அவன். தன்னைத் துப்பறிவாளன் என்று நம்பினான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். மாத்திரை அட்டையில் பெயர் படிக்க மட்டுமே இதுவரை அது பயன்பட்டிருக்கிறது.

"தட்டுறது யாரு?" என்றான் அவன், கண்ணாடியைத் துடைத்தபடி.

"ஒரு ஆள் இல்லைங்க, ஒரு சபையே தட்டுது. முதல்ல மெதுவா, தூரத்துல மழை பெய்யற மாதிரி. அப்புறம் ஏறிக்கிட்டே வந்து சுவரே அதிரும். சட்டுனு நின்னுடும். திறந்து பார்த்தா ஈ காக்கா இருக்காது. சாவி என்கிட்டதான் இருக்கு."

இறந்தவர் சாதாரண ஆள் அல்லர். 'சொல்லருவி' என்ற பட்டத்தோடு மேடை மேடையாக வாழ்ந்தவர். பட்டம் பொருத்தமானது, அருவியை யாராலும் நிறுத்த முடியாது. மௌன அஞ்சலிக் கூட்டமொன்றில் மௌனத்தின் மாண்பைப் பற்றி ஒரு மணி நேரம் முழங்கியவர் அவர்.

"நானும் அப்பாவும் பேசி ரொம்ப வருஷம் ஆச்சு. 'மேடையைச் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்கப்பா'ன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். அவ்வளவுதான், பேச்சு நின்னுது. போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அவரே கூப்பிட்டார். 'உனக்குன்னு ஒண்ணு பேசி கம்ப்யூட்டர்ல வச்சிருக்கேன், வந்து கேளு'ன்னார். நான் வந்து சேர்றதுக்குள்ள..." மகள் துண்டின் முனையை முறுக்கினாள். "எனக்கு அது வேணும். அப்பாவோட சீடர் அப்படி எதுவுமே இல்லைங்கிறார்."

சீடரின் பெயர் இளைய அருவி. அந்தப் பட்டத்தைத் தமக்குத் தாமே வழங்கி, தாமே ஏற்புரையும் ஆற்றியவர். டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தவரும் அவர்தான். 'குருவின் இதயம் நின்ற கணமே அவர்தம் வட்டின் இதயமும் நின்றது' என்று இரங்கல் கூட்டத்தில் அவர் சொன்னபோது அழாதவர் இல்லை. இப்போது பிற்பகல்தோறும் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, குருவின் கடைசி உரைகளைப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தார்.

"வீட்ல வேற யாரு?" என்றான் கொழுந்தன்.

"அண்ணன். வீட்டை வித்துடலாங்கிறான்."

"பிடிச்சாச்சு! பேயைக் காட்டி உங்களை ஓட்டப் பார்க்கிறார்."

"அவனா? கைதட்டல் கேட்டதுலருந்து குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்துறதில்லை."

கொழுந்தன் பூதக்கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டான்.

அண்ணி டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்துக் காதை அருகில் வைத்தாள். உள்ளே ஏதோ ஒன்று கதவைத் தட்டுவதுபோல, டக்... டக்... என்றது.

"ரிப்பேர் பண்ற சாஃப்ட்வேரை ஓட விடட்டுமா, அண்ணி?"

"சாகக் கிடக்கிறவனை எழுப்பி வீடு பெருக்கச் சொல்லுவியா? முதல்ல அவன் வாயில வர்றதை வாங்கிக்கணும்."

அவள் ஓடவிட்டது வேறு கருவி. பழைய டிஸ்க்கில் எதையும் எழுதாது. படித்துப் படித்து வேறொரு நல்ல டிஸ்க்கில் நகல் எடுக்கும். சிக்கும் இடத்தில் முட்டி மோதாமல் தாண்டிப்போய், சுலபமானதை முதலில் அள்ளிவிட்டு, பிறகு திரும்பி வந்து சுரண்டும். படிக்க முடிந்ததைத் திரையில் பச்சையாகவும், முடியாததைச் சிவப்பாகவும் காட்டும்.

பச்சை படர்ந்தது. தேநீர் குடித்து முடித்தும் பச்சைதான். கடைசி ஓரத்தில் மட்டும் ரத்தக்கட்டு மாதிரி ஒரு சிவப்பு. பச்சைக்குள் எட்டிப் பார்த்தால் அத்தனையும் சுழியம், வெறும் காலி. தொடக்கத்தில் தன்னந்தனியாக ஒரே ஒரு கோப்பு. அண்ணி திறந்தாள்.

'எங்கள் தயாரிப்பை வாங்கியதற்கு நன்றி.'

கொழுந்தனுக்குக் கை மயிர் சிலிர்த்தது. "அண்ணி... ஆவி நமக்கு நன்றி சொல்லுது."

"நல்ல மரியாதை தெரிஞ்ச ஆவி," என்றாள் அண்ணி. கருவியைச் சிவப்புப் பகுதியைச் சுரண்டவிட்டு எழுந்தாள். "வா, வீட்டைப் பார்க்கலாம்."

கூடத்தில் இளைய அருவி காதில் ஹெட்போனும் கையில் போனுமாக, காகிதக் குவியல் நடுவே வீற்றிருந்தார். "வருக, வருக! தாங்கள்தான் வட்டு வைத்தியரோ? எளியேனும் தொழில்நுட்பத்தில் சற்றே தோய்ந்தவன்" என்று அமர்ந்தபடியே ஆசி வழங்கினார்.

அறையை மகள் திறந்துவிட்டாள். கேடயங்கள் நிறைந்த அலமாரி. ஆளுயரக் கண்ணாடி, அதன் முன் தரைவிரிப்பில், ஒரே இடத்தில் நின்று நின்று தேய்ந்த இரண்டு பாதத் தடங்கள். வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டர். சுவர் மின்சாரத்தில் செருகிய ஒரு சின்ன ஸ்பீக்கர் மட்டும் நீல விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் உள்ளே தாழிட்டிருந்தன.

நீல விளக்கு மினுக்குவதை நிறுத்தி, நிலையாக எரிந்தது. அண்ணி அதைப் பார்த்தாள்.

அப்போது எங்கிருந்தோ மழை தொடங்கியது. மழை இல்லை, கைகள். பத்து, நூறு, ஆயிரம் கைகள். கண்ணாடியில் மூவரின் வெளிறிய முகங்கள் நடுங்கின. கேடயங்கள் கிணுகிணுத்தன. காலியாக இருந்த அந்தப் பாதத் தடங்களைப் பார்த்து ஒரு பெருங்கூட்டம் ஆரவாரித்தது. உச்சத்தில் சட்டென்று அறுந்தது. எதிர் அறையில் அண்ணன் எதையோ போட்டு உடைத்தான்.

"எல்லாரும் கூடத்துக்கு வாங்க," என்றாள் அண்ணி.

அண்ணன் முழங்காலைத் தேய்த்தபடி வந்தான். கொழுந்தன் வாசலை அடைத்து நின்றான், யாரும் ஓடப் போவதாகத் தெரியாவிட்டாலும்.

அண்ணி இளைய அருவியிடம் திரும்பினாள். "அய்யா, இப்போ போன்ல கைதட்டல் போட்டீங்களா?"

"அது... நூல் வெளியீட்டு உரைக்கு ஒத்திகை. எங்கு நிறுத்தினால் கரவொலி எழும் என்று..."

"ஹெட்போன்ல சத்தம் வந்துச்சா?"

"வரவில்லை. சாதனக் கோளாறு. ஒலியைக் கூட்டிக்கூட்டிப் பார்த்து நிறுத்திவிட்டேன். தினமும் இதே தொல்லை."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியவர் ஒத்திகை பார்க்கிறப்ப, கைதட்டலைப் போட்டது நீங்கதானே? அந்த அறை புளூடூத் ஸ்பீக்கரை உங்க போன் இன்னும் மறக்கலை. இங்க உட்கார்ந்ததுமே போய் ஒட்டிக்குது. உங்க காதை ஹெட்போன் அடைச்சிருக்கு. நீங்க சத்தம் வரலைன்னு கூட்டக் கூட்ட, அங்க சபை எழுந்து நிக்குது."

"அப்போ பேய் இல்லையா?" என்றான் அண்ணன், லேசான ஏமாற்றத்தோடு.

"பேய் இல்லை. டிஸ்க் தானா சாகவும் இல்லை." அண்ணி குரலை உயர்த்தவில்லை. "கெட்டுப்போற டிஸ்க் 'படிக்க முடியலை'ன்னு சொல்லும். 'என்கிட்ட ஒண்ணுமே இல்லை'ன்னு தெளிவா சொல்லாது. இது சொல்லுது. அதுக்கு மேல, புது டிஸ்க் வாங்கினா கூடவே வர்ற நன்றிச் சீட்டு ஒண்ணு அதுக்குள்ள இருக்கு. பெரியவரோட பழைய டிஸ்க்குக்குள்ள அது எப்படி வந்துச்சு? அய்யா, நகல் எடுக்கிற கருவி எதுலருந்து எதுக்குன்னு கேட்டிருக்குமே. நீங்க எதைக் காட்டினீங்க?"

இளைய அருவியின் செந்தமிழ் அங்கே உடைந்தது. "ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சும்மா... காப்பாத்தணும்னுதான் செஞ்சேன். பழசுலருந்து புதுசுக்குப் போகும்னு நினைச்சேன். காலி டிஸ்க்கைத் தூக்கி அவர் டிஸ்க் மேலேயே ஊத்திட்டேன். டக்கு டக்குன்னு சத்தம் வந்ததும் பயந்துபோய் வயரைப் பிடுங்கிட்டேன்."

"அப்போ இந்தக் கடைசி உரைகள்?" என்று காகிதக் குவியலைக் காட்டினான் கொழுந்தன்.

"நானே எழுதினதுதான். அய்யா எல்லா மேடையிலயும் பேசினது ஒரே பேச்சுதானே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

"எனக்காகப் பேசினது எதுவும் இல்லைன்னு சொன்னீங்களே!" என்றாள் மகள்.

"நீங்க கேட்டப்ப இல்லாமத்தான்மா இருந்துச்சு."

அவள் அடிக்கக் கை ஓங்குவாள் என்று கொழுந்தன் எதிர்பார்த்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருங்க," என்றாள் அண்ணி. "காலியை ஊத்திக்கிட்டே போனது, கெட்ட இடம் வந்ததும் எழுத முடியாம நின்னுடுச்சு. அங்க இருந்தது அழியலை. நோய்தான் அதைக் காப்பாத்தியிருக்கு. உங்கப்பா பேசினது அங்கதான் இருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இருந்தா வரும்."

மகளோடு அவர்கள் அண்ணியின் கடைக்குத் திரும்பியபோது சிவப்புக்குள் பச்சைப் புள்ளிகள் விழுந்திருந்தன. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் போய்விட்டது. ஆனாலும் ஒலிக் கோப்பின் தொடக்கத்துக்கு ஒரு முகஜாடை உண்டு. அதை வைத்துத் தேடினாள் அண்ணி. ஒன்று கிடைத்தது, பூச்சி அரித்த துணி மாதிரி.

மகள் ஸ்பீக்கருக்கு அருகே நாற்காலியை இழுத்துக்கொண்டாள்.

"என் அன்பிற்கினிய..." என்று அருவி முழங்கியது. இரைச்சல். "...சீ, இது வேண்டாம்." இருமல். மறுபடி, "வாழ்வென்னும் நெடும்..." இரைச்சல். நாற்காலி கிரீச்சிட்டது. நீண்ட நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு யாருக்கும் பழக்கமில்லாத ஒரு சின்னக் குரல், மேடையே ஏறாதவர் குரல், தடுக்கித் தடுக்கி வந்தது.

"செருப்போட விட்டுட்டு வரச் சொன்னே. எனக்கு... விடத் தெரியலைம்மா. வெளியே விட்டுட்டா உள்ளே வர்றதுக்கு ஆளே இல்லையோன்னு..." இரைச்சல். "...இதுக்குக் கைதட்டல் போட வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். இது உனக்கு மட்டும்."

அதற்குப் பிறகு, வழக்கமாகச் சபை ஆர்ப்பரிக்கும் இடத்தில், ஒன்றுமே இல்லை. பெரியவர் அந்த இடைவெளியையும் பதிவு செய்திருந்தார். பழைய டிஸ்க் ஒருமுறை டக்கென்றது. பிறகு அதுவும் அடங்கியது.

மகள் அசையவில்லை. கொழுந்தனின் இரண்டு கைகளும் தாமாக மார்பளவு உயர்ந்தன. அண்ணி ஒரு பார்வை பார்த்தாள்.

அவன் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.